ஒத்துணர்வும் மூளை இணைப்பும்: திறந்த தரவை வைத்து நீங்களே அளக்கும் முறை

பிறர் வலியைக் கண்டு நாம் துடிக்கும்போது இயங்கும் மூளைப் பகுதிகள் வேறு. அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று ஊகிக்கும்போது இயங்கும் பகுதிகள் வேறு. 2004-இல் டானியா சிங்கரின் குழு லண்டனில் 16 இணையர்களை வைத்துச் சோதித்தது. பெண் ஸ்கேனருக்குள் (மூளை இயங்குவதைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ கருவி) படுத்திருக்க, அருகில் அமர்ந்த துணைவரின் கைக்கு வலி கொடுக்கப்பட்டது. தனக்கே வலித்தபோது இயங்கிய முன் இன்சுலாவும் சிங்குலேட்டின் முன்பகுதியும் அப்போதும் இயங்கின. அதற்கு முந்தைய ஆண்டு ரெபெக்கா சாக்ஸும் நான்சி கான்விஷரும் இன்னொரு பகுதியைச் சுட்டியிருந்தார்கள். டெம்போரல் மடலும் பெரைட்டல் மடலும் சந்திக்கும் இடம் அது (இனி டிபிஜே). பிறருடைய நம்பிக்கைகளைப் பற்றி யோசிக்கும்போது அது இயங்குகிறது.

இந்த இரண்டு பகுதிக் கூட்டங்களும் (இனி வலி வலைப்பின்னல், மனமறியும் வலைப்பின்னல்) தமக்குள் எவ்வளவு ஒத்திசைந்து இயங்குகின்றன (இந்த ஒத்திசைவையே இணைப்பு என்கிறோம்), ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு விலகி நிற்கின்றன, அது ஒருவரின் பிறரறியும் திறனோடு சேர்ந்து மாறுகிறதா என்பதே நம் கேள்வி. ஸ்கேனர் தேவையில்லை. ஒரு மடிக்கணினியும் இலவசமாகக் கிடைக்கும் தரவும் போதும். ஆனால் பொய்யான விடை மிக எளிதாக வந்துவிடும் துறை இது. ஆகவே இங்கே சொல்லப்படுவதில் பெரும்பகுதி அதைத் தடுப்பது பற்றியதே.

தரவு

ஹிலரி ரிச்சர்ட்சனும் சாக்ஸும் உள்ளிட்ட எம்ஐடி குழு 2018-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 3 முதல் 12 வயது வரையிலான 122 குழந்தைகளும் 33 பெரியவர்களும் ஸ்கேனருக்குள் படுத்தபடி 'பார்ட்லி கிளவுடி' என்ற பிக்சார் குறும்படத்தைப் பார்த்தார்கள். அதில் வசனம் கிடையாது. நாரை கடிபடும், குத்துப்படும் காட்சிகள் வலி வலைப்பின்னலை இழுக்கும். நண்பன் தன்னை விட்டுப் போய்விட்டான் என்று மேகம் நினைக்கும் காட்சி, பிறர் மனதை அறியும் வலைப்பின்னலை இழுக்கும். ஒரே படத்தில் இரண்டும் கிடைப்பதால் நம் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான திறந்த தரவு அரிது. இரண்டு வலைப்பின்னல்களும் 3 வயதிலேயே பிரிந்து நிற்கின்றன, வயது ஏற ஏற ஒவ்வொன்றும் தனக்குள் இறுகுகிறது, இரண்டும் எதிரெதிராக விலகுகின்றன என்பது அவர்கள் கண்டது.

பைத்தானில் பிப் வழியாக நைலேர்னை (மூளைப் படங்களை அலசும் இலவச நிரல்தொகுப்பு) நிறுவுங்கள். பாண்டாஸ், சைக்கிட்-லேர்ன் எல்லாம் கூடவே வந்துவிடும். படம் வரையும் நிரல்தொகுப்பை மட்டும் சேர்த்துக் கேட்டு நிறுவ வேண்டும். பிறகு நைலேர்னின் தரவுப் பிரிவில் 'ஃபெட்ச் டெவலப்மென்ட் எஃப்எம்ஆர்ஐ' என்ற கட்டளையை இயக்குங்கள். முதலில் 30 பேரை மட்டும் இறக்கி, எல்லாப் படிகளையும் ஓட்டிப் பார்த்துவிட்டு 155 பேருக்கும் போங்கள். கைக்கு வருவது ஏற்கெனவே எஃப்எம்ஆர்ஐ-பிரெப் என்ற மென்பொருள் வழியாகச் சீராக்கப்பட்டு, 4 மி.மீ. வோக்ஸலுக்கு (மூளைப் படத்தின் மிகச் சிறிய கனசதுரக் கூறு) சுருக்கப்பட்ட தரவு. ஒருவருக்கு 168 மூளைப் படங்கள், 2 விநாடிக்கு ஒன்று வீதம். மொத்தம் 5 நிமிடம் 36 விநாடி.

நைலேர்ன் தரும் அட்டவணையில் வயது, பாலினம், கைப்பழக்கம் போன்றவைதான் இருக்கும். பிறரறியும் திறனுக்கான மதிப்பெண் வேண்டுமானால் ஓப்பன்நியூரோ தளத்தில் டிஎஸ்000228 என்ற தொகுப்பின் பங்கேற்பாளர் கோப்பைத் தனியாக இறக்க வேண்டும். கதைப் புத்தகத்தை வைத்துக் குழந்தைகளிடம் கேட்ட கேள்விகளுக்கான மதிப்பெண் அதில் 0 முதல் 1 வரை விகிதமாக இருக்கும். இரண்டு அட்டவணைகளையும் வரிசைப்படி ஒட்டாதீர்கள், அடையாள எண்ணை வைத்தே இணையுங்கள். இரண்டிலும் வரிசை ஒன்றாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒரு வரி நகர்ந்தால்கூட நிரல் எந்தப் பிழையும் காட்டாமல் தவறான விடையைத் தந்துவிடும். மதிப்பெண் இல்லாத கட்டங்களை 0 என்று நிரப்பவும் கூடாது. அவற்றை நீக்குங்கள்.

இந்த மதிப்பெண் அளப்பது அறிவுசார் ஒத்துணர்வை, அதாவது பிறர் என்ன நினைக்கிறார் என்று கண்டுகொள்ளும் திறனை. பிறர் வலியில் மனம் கலங்குவதை அது அளக்கவில்லை. இந்த இரண்டையும் கலந்து எழுதுவதுதான் இத்துறைக் கட்டுரைகளில் அதிகம் காணும் குறை. அறிக்கையின் முதல் வரியிலேயே எதை அளந்தீர்கள் என்று எழுதிவிடுங்கள்.

தலை அசைவு: இங்கேதான் எல்லாம் கெடும்

சின்னக் குழந்தைகள் அதிகம் அசைவார்கள். அசைவு, தொலைவில் உள்ள பகுதிகளுக்கு இடையிலான ஒட்டுறவை (இரண்டு அளவுகள் சேர்ந்து ஏறி இறங்கும் அளவு, உச்சம் 1) குறைத்துக் காட்டும், அருகில் உள்ளவற்றின் ஒட்டுறவைக் கூட்டிக் காட்டும். 2012-இல் மூன்று தனித்தனிக் குழுக்கள் இதைக் காட்டிய பிறகே துறை விழித்துக்கொண்டது. நம் தரவில் இதன் விளைவைப் பாருங்கள். 4 வயதுக் குழந்தை அதிகம் அசைகிறது, அதனால் டிபிஜேக்கும் நெற்றிப் பக்கப் பகுதிக்கும் இடையிலான நீண்ட இணைப்பு பலவீனமாகத் தெரிகிறது. அதே குழந்தையின் மதிப்பெண்ணும் வயதின் காரணமாகக் குறைவாக இருக்கிறது. இணைப்பு வலுத்தால் ஒத்துணர்வு கூடும் என்ற அழகான வரைபடம் தானாக வந்து நிற்கும். அதில் மூளையைப் பற்றிய செய்தி ஒரு துளியும் இல்லாமல் போகலாம்.

ஒவ்வொரு நபருக்கும் வரும் குழப்பக் காரணிகள் (அசைவு, இரைச்சல் போல விடையைக் கெடுப்பவை) கோப்பில் 'ஃப்ரேம்வைஸ் டிஸ்ப்ளேஸ்மென்ட்' என்ற நெடுவரிசை இருக்கும். ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குள் தலை எவ்வளவு நகர்ந்தது என்பதை மி.மீ. கணக்கில் சொல்வது. மூன்று நகர்வுகளையும், 50 மி.மீ. ஆரமுள்ள கோளத்தின் மேல் மி.மீ. ஆக மாற்றிய மூன்று சுழற்சிகளையும் கூட்டிய எண் இது. இதன் சராசரி 0.5 மி.மீ. தாண்டும் நபர்களை முழுமையாக நீக்குங்கள். மிஞ்சியவர்களில் 0.5 மி.மீ. தாண்டிய படங்களை மட்டும் நீக்குங்கள். அப்படி நீக்கிய பிறகு 120 படங்களுக்குக் குறைவாக, அதாவது 4 நிமிடத்துக்குக் குறைவாக மிஞ்சுபவர்களையும் விட்டுவிடுங்கள். இந்த எல்லைகளை முடிவைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு கோப்பில் எழுதி, தேதியோடு சேமியுங்கள். முடிவைப் பார்த்துவிட்டு 0.5-ஐ 0.4 ஆக்கினால் அதன் பிறகு எந்த எண்ணையும் நம்ப முடியாது.

நைலேர்னில் படங்களை நீக்க 'சாம்பிள் மாஸ்க்' என்ற அளபுருவைக் கொடுக்க வேண்டும். வைத்துக்கொள்ள வேண்டிய படங்களின் எண்களே அதில் போகும். நீக்க வேண்டியவற்றைக் கொடுத்தால் மோசமான படங்கள் மட்டும் மிஞ்சும், நிரலும் முணுமுணுக்காமல் ஓடும். எண்ணிக்கை 0-இலிருந்து தொடங்குவதையும் மறக்காதீர்கள்.

சமிக்ஞையைத் துலக்குதல்

குழப்பக் காரணிகளில் 6 அசைவு நெடுவரிசைகளையும் 6 'ஏ-காம்ப்கோர்' நெடுவரிசைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னவை வெண்பொருளிலிருந்தும் மூளைத் தண்டுவடத் திரவத்திலிருந்தும் எடுத்த இரைச்சல் கூறுகள். ஆகவே வெண்பொருள் சராசரி, திரவச் சராசரி என்ற தனி நெடுவரிசைகளை அவற்றோடு சேர்ப்பதில் பெரிய பயன் இல்லை. மெதுவான நகர்வை அகற்ற 0.008 ஹெர்ட்ஸ் உயர்பாஸ் வடிகட்டி (அதைவிட மெதுவான அலைகளை வெட்டுவது) கட்டாயம். எஃப்எம்ஆர்ஐ-பிரெப் ஏ-காம்ப்கோர் நெடுவரிசைகளைக் கணக்கிடும் முன்பே தரவிலிருந்து மெதுவான போக்கை நீக்கிவிடுகிறது. நீங்களும் நீக்காவிட்டால் இரண்டும் பொருந்தாது.

பலரும் பழக்கத்தால் 0.1 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதையும் வெட்டுவார்கள். இங்கே வேண்டாம். 2 விநாடிக்கு ஒரு படம் என்றால் அலைவெண்ணின் உச்சவரம்பு 0.25 ஹெர்ட்ஸ். 0.008 முதல் 0.1 வரை மட்டும் வைத்தால் மிஞ்சுவது 37 சதவீதம். 168 படங்கள் இருப்பதுபோலத் தோன்றினாலும் உண்மையில் சுமார் 62 தனித் தகவல்கள்தான், 12 நெடுவரிசைகளைக் கழித்தால் 50. உயர்பாஸ் மட்டும் போட்டால் சுமார் 150 மிஞ்சும். ஐந்தரை நிமிடத் தரவில் இந்த வேறுபாடு மிகப் பெரியது.

முழு மூளையின் சராசரிச் சமிக்ஞையைக் கழிப்பதா வேண்டாமா என்ற சர்ச்சை இன்றும் ஓயவில்லை. கழித்தால் அசைவின் தடம் நன்றாகக் குறையும். ஆனால் கணித ரீதியாகவே சில ஒட்டுறவுகளை எதிர்மறைப் பக்கம் தள்ளும். இரண்டு வலைப்பின்னல்களும் எதிரெதிராக விலகுகின்றனவா என்பதே நம் கேள்விகளில் ஒன்று என்பதால், முதன்மைக் கணக்கில் கழிக்காதீர்கள். இரண்டாவது முறை கழித்து ஓட்டி, இரண்டு விடைகளையும் சேர்த்தே வெளியிடுங்கள்.

பத்துப் பகுதிகள் போதும்

எம்என்ஐ ஆயத்தொலைவுகளில் (பொது மூளை வார்ப்புருவில் இடத்தை மி.மீ. கணக்கில் குறிக்கும் மூன்று எண்கள்) தோராயமான மையங்கள் இவை.

மனமறியும் வலைப்பின்னல்:
வலது டிபிஜே 54, −54, 22
இடது டிபிஜே −52, −58, 24
ப்ரீகியூனியஸ் 0, −56, 36
மேல் மீடியல் ப்ரீஃப்ரன்டல் (நெற்றிக்குப் பின்னே நடுக்கோட்டில்) 0, 54, 34
நடு மீடியல் ப்ரீஃப்ரன்டல் 2, 58, 14

வலி வலைப்பின்னல்:
வலது முன் இன்சுலா 39, 23, −4
இடது முன் இன்சுலா −40, 22, 0
நடு சிங்குலேட்டின் முன்பகுதி −2, 23, 40
இரண்டாம் நிலை உணர்வுப் புறணி வலது 58, −24, 24, இடது −58, −24, 24

கீழ் மீடியல் ப்ரீஃப்ரன்டலை வேண்டுமென்றே விட்டிருக்கிறோம். மூக்குக் குழிவின் காற்றறைக்கு மேலே இருப்பதால் அங்கே காந்தப்புலம் குலைந்து சமிக்ஞை மங்கிவிடும். சிலருக்குச் சமிக்ஞையே இருக்காது.

நைலேர்னின் 'நிஃப்டி ஸ்ஃபியர்ஸ் மாஸ்கர்' கருவிக்கு இந்தப் புள்ளிகளையும் 8 மி.மீ. ஆரத்தையும் கொடுங்கள். 4 மி.மீ. வோக்ஸலில் ஒரு கோளத்துக்குள் சுமார் 33 வோக்ஸல் விழும். ஆரத்தை 4 மி.மீ. ஆக்கினால் அதிகபட்சம் ஏழெட்டு வோக்ஸலே கிடைத்து இரைச்சல் ஏறும். 12 ஆக்கினால் மீடியல் ப்ரீஃப்ரன்டல் கோளங்கள் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும். 8-இலும்கூட அவற்றின் மையங்களுக்கு இடையே 20 மி.மீ. தூரம்தான். அருகாமையால் மட்டுமே அந்த ஒட்டுறவு எல்லாருக்கும் உயர்வாக வரும், ஆகவே அந்த ஒரு இணைப்பைச் சேர்த்தும் விட்டும் கணக்கிட்டுப் பாருங்கள். கணக்கிடுவதற்கு முன் குறைந்தது 10 குழந்தைகளின் சராசரிப் படத்தின் மேல் கோளங்களை வரைந்து, மூளைக்கு வெளியே எதுவும் விழவில்லை என்று கண்ணால் உறுதிசெய்யுங்கள். 4 வயதுக் குழந்தையின் மூளை பெரியவர்களின் வார்ப்புருவுக்குள் எப்போதும் கச்சிதமாக அமராது.

பத்துப் பகுதிகளுக்கு 45 இணைப்புகள். மனமறியும் வலைப்பின்னலுக்குள் 10, வலி வலைப்பின்னலுக்குள் 10, இரண்டுக்கும் இடையே 25. ஒவ்வொரு ஒட்டுறவுக் கெழுவையும் ஃபிஷர் இசட் மாற்றத்துக்கு (சராசரி எடுக்க ஏற்றபடி கெழுவை மாற்றும் சூத்திரம்) உட்படுத்தி, இந்த மூன்று தொகுதிகளின் சராசரியை எடுங்கள். ஒட்டுறவு அட்டவணையின் மூலைவிட்டத்தில் உள்ள 1-களை (ஒரு பகுதி தன்னோடு தானே ஒத்திருப்பது) முதலில் நீக்குங்கள், இல்லாவிட்டால் மாற்றத்தில் அவை முடிவிலி ஆகும். இப்போது ஒரு குழந்தைக்கு மூன்று எண்கள்.

45 இணைப்புகளையும் தனித்தனியே மதிப்பெண்ணோடு சோதித்தால், எதுவுமே இல்லாத தரவிலும் பி-மதிப்பின் (தற்செயலாகவே இப்படி வரும் வாய்ப்பு) வழக்கமான 0.05 எல்லையில் இரண்டு மூன்று தேறிவிடும். மூளையை 400 பகுதிகளாகப் பிரிக்கும் அட்லஸ் எடுத்தால் 79,800 இணைப்புகள், தற்செயலாகவே சுமார் 4,000 தேறும். நம்மிடம் மூன்று சோதனைகள் மட்டுமே என்பதால் எல்லை 0.05-ஐ மூன்றால் வகுத்து 0.017.

மதிப்பெண்ணோடு இணைத்தல்

குழந்தைகளை மட்டும் எடுங்கள். பெரியவர்களையும் சேர்த்தால் இரண்டு குழுக்களுக்கு இடையிலான இடைவெளியே ஒட்டுறவாகத் தெரியும். வயது, வயதின் வர்க்கம், சராசரி அசைவு, பாலினம் ஆகியவற்றைக் கழித்த பிறகு மிஞ்சும் ஒட்டுறவை, மூல எண்களுக்குப் பதில் அவற்றின் தரவரிசை எண்களை வைத்துக் கணக்கிடுங்கள். வர்க்கம் ஏனென்றால் 3 வயதிலிருந்து 5 வயதுக்குள் மதிப்பெண் செங்குத்தாக ஏறி, பிறகு தட்டையாகிவிடும். நேர்கோட்டு வயதை மட்டும் கழித்தால் அந்த வளைவு மிஞ்சி நின்று மூளைத் தொடர்பாக வேடம் போடும். மூத்த குழந்தைகளில் பலர் உச்ச மதிப்பெண்ணைத் தொட்டுவிடுவதால், 7 வயது வரை உள்ளவர்களை மட்டும் வைத்து இன்னொரு முறையும் ஓட்டுங்கள். மதிப்பெண்களை 10,000 முறை கலைத்துப் போட்டு பி-மதிப்பை எடுப்பது பாதுகாப்பானது.

ஒரு சிக்கலை மட்டும் கணிதத்தால் முழுதாகத் தீர்க்க முடியாது. மிகச் சிறிய குழந்தைகளுக்குச் சிறிய தலைக்கேற்ற வேறு தலைச்சுருள் (தலையைச் சுற்றி வைத்துச் சமிக்ஞையை வாங்கும் கருவி) பயன்பட்டது. பங்கேற்பாளர் கோப்பில் அதற்கென நெடுவரிசை உண்டு. சுருளும் வயதும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், ஒரே சுருளில் எடுத்தவர்களை மட்டும் வைத்தும் விடை நிற்கிறதா என்று பார்ப்பதே வழி.

அடுத்து இரண்டு தற்காப்புச் சோதனைகள். முதலாவது, மதிப்பெண்ணோடான முடிவைப் பார்க்கும் முன்பே 45 இணைப்புகளையும் சராசரி அசைவோடு ஒட்டுறவு காணுங்கள். பெரும்பாலானவை 0.1-க்கு மேல் போனால் துலக்கல் போதவில்லை, பின்னால் போய் எல்லையை 0.3 மி.மீ. என இறுக்கி எல்லாவற்றையும் மறுபடி ஓட்டுங்கள், அப்படிச் செய்ததையும் எழுதுங்கள். இரண்டாவது, பார்வைப் புறணிக்கும் இயக்கப் புறணிக்கும் இடையிலான இணைப்பை அதே வழியில் மதிப்பெண்ணோடு சோதியுங்கள். அதுவும் தொடர்பு காட்டினால் நீங்கள் பிடித்திருப்பது ஒத்துணர்வை அல்ல. பொதுவான முதிர்ச்சியாக இருக்கலாம், மிச்ச அசைவாகவும் இருக்கலாம்.

எதிர்பார்ப்பையும் அளவோடு வையுங்கள். 80 சதவீத வாய்ப்போடு 0.3 ஒட்டுறவைப் பிடிக்கச் சுமார் 85 பேர் வேண்டும், 0.2-க்கு 194 பேர், 0.1-க்கு ஏறத்தாழ 780 பேர். 2022-இல் ஸ்காட் மாரெக் குழு ஏறத்தாழ 50,000 பேரின் தரவை அலசி, மூளை அளவுகளுக்கும் நடத்தைக்கும் இடையிலான தொடர்புகள் பெரும்பாலும் 0.1-ஐக்கூட எட்டுவதில்லை என்று காட்டியது. நம்மிடம் நூறு சொச்சம் குழந்தைகள். ஆகவே 0.6 என்று விடை வந்தால் மகிழாதீர்கள், நிரலில் பிழை தேடுங்கள். ஒன்றும் இல்லை என்று வந்தால் அது மதிக்கத்தக்க விடை.

படத்தின் வலிமையைப் பயன்படுத்தும் இரண்டாம் வழி

எல்லாரும் ஒரே படத்தைத்தான் பார்த்தார்கள். ஆகவே ஒரு குழந்தையின் டிபிஜே சமிக்ஞையை அதே குழந்தையின் வேறொரு பகுதியோடு ஒப்பிடுவதற்குப் பதிலாக, 33 பெரியவர்களின் டிபிஜே சராசரியோடு ஒப்பிடலாம். ஒருவரின் தலை அசைவும் மூச்சும் இன்னொருவருடையதோடு ஒத்துப்போகாது என்பதால் அந்த இரைச்சல் பெருமளவு உதிர்ந்துவிடும். மிஞ்சுவது, கதையை இந்தக் குழந்தை எவ்வளவு பெரியவரைப்போலப் பின்தொடர்ந்தது என்பதே. சாதாரண இணைப்பைவிட இந்த அளவையே நாங்கள் அதிகம் நம்புவோம்.

செய்முறையில் கவனிக்க வேண்டியது நீளம். படங்களை நீக்கிய பிறகு ஒவ்வொருவரின் தொடரும் வெவ்வேறு நீளத்தில் இருக்கும், அப்படியே ஒப்பிட்டால் காட்சிகள் நகர்ந்துவிடும். குழந்தையிடம் நீக்கிய அதே நேரப் புள்ளிகளைப் பெரியவர் சராசரியிலிருந்தும் நீக்கிவிட்டு ஒப்பிடுங்கள். பெரியவர்களின் தொடர்களைச் சராசரி எடுக்கும் முன் ஒவ்வொன்றையும் சராசரி 0, திட்ட விலக்கம் 1 ஆக்குங்கள். இன்னொன்று: சிரிப்புக் காட்சியில் எல்லாரும் ஒரே நேரத்தில் குலுங்கினால் அசைவும் ஒத்துப்போகும். எல்லாரின் அசைவு வரிகளையும் சராசரி எடுத்து வரைந்து, எங்காவது பொதுவான மேடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் புள்ளிகளை எல்லாருக்கும் நீக்கிவிடுங்கள்.

எப்படி எழுதுவது

"வயதும் அசைவும் கழித்த பிறகு, மனமறியும் வலைப்பின்னலின் உள்ளிணைப்பு கதைத் தேர்வு மதிப்பெண்ணோடு இவ்வளவு ஒட்டுறவு காட்டியது, 95 சதவீத நம்பக இடைவெளி இது" என்ற அளவில் நில்லுங்கள். எந்தப் பகுதி எதை இயக்குகிறது என்று ஒட்டுறவு சொல்லாது. முன் இன்சுலா இயங்கியது, ஆகவே ஒத்துணர்வு எழுந்தது என்றும் பின்னோக்கி வாதிடக் கூடாது. வலி, அருவருப்பு, வியப்பு, கடினமான கணக்கு என எத்தனையோ வேலைகளில் இயங்கும் பகுதி அது.

ஒரு தனிக் குழந்தையின் ஸ்கேனை வைத்து அதன் ஒத்துணர்வைப் பற்றி எதையும் சொல்லாதீர்கள். ஒரே நபரை இரண்டு முறை ஸ்கேன் செய்தாலே தனி இணைப்புகளின் ஒத்துநிலை (முழுதும் ஒத்தால் 1) சராசரியாக 0.29 மட்டுமே என்று 2019-இல் ஸ்டெஃபனி நோபிள் குழு பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டது. ஆட்டிசம் உள்ள குழந்தையின் பெற்றோரிடம் இப்படிப்பட்ட படத்தை நீட்டி இணைப்பு குறைவு, ஒத்துணர்வு குறைவு என்று சொல்வது அறிவியல் அல்ல. அந்தக் குடும்பத்துக்கு அது நேரடித் தீங்கு.

நீங்களே தரவு திரட்டினால்

பெரியவர்களிடம் மார்க் டேவிஸ் 1980-இல் உருவாக்கிய ஐஆர்ஐ என்ற ஒத்துணர்வுக் கேள்வித்தாளைக் கொடுப்பது வழக்கம். 28 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, ஏழு ஏழாக நான்கு பிரிவுகள்: பிறர் நோக்கில் பார்த்தல், கற்பனையில் ஒன்றுதல், பரிவு, தன் கலக்கம். 9 கூற்றுகளுக்கு எண்ணைத் தலைகீழாக்க வேண்டும். மறந்தால் பிரிவின் உள்ளிசைவு (அதன் கூற்றுகள் தமக்குள் ஒத்துப்போகும் அளவு) சட்டென்று விழும், அதைப் பார்த்தே பிழையைப் பிடிக்கலாம். நான்கையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்காதீர்கள். தன் கலக்கம் மிகுந்தவர் பிறர் துன்பத்தைக் கண்டு உதவாமல் விலகக்கூடும், பரிவு மிகுந்தவர் நெருங்குவார். இரண்டையும் கூட்டினால் ஒன்றை ஒன்று அழித்துவிடும்.

ஸ்கேன் நேரம் குறைந்தது 10 நிமிடம். கண்மூடி ஓய்வாகப் படுக்கச் சொல்லாமல் ஒரு படத்தைப் போடுங்கள். ஓய்வுநிலை ஸ்கேனில் மூன்றில் ஒரு பங்கினர் 3 நிமிடத்துக்குள்ளேயே விழிப்பு நழுவுவதாக 2014-இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. படம் பார்க்கும்போது அசைவும் குறைகிறது, குறிப்பாகச் சிறுவர்களிடம். கேள்வித்தாளை ஸ்கேனுக்கு முன்பாக, முடிந்தால் வேறொரு நாளில் நிரப்பச் சொல்லுங்கள். நெகிழ வைக்கும் படத்தைப் பார்த்துவிட்டு இறங்கிய கையோடு நிரப்பினால் பரிவு மதிப்பெண் எல்லாருக்கும் ஏறிவிடும்.